ஐந்தாவது தூக்குப்போசி

டீயை நான் எப்போதும் ஆற வைத்துத்தான் குடிப்பேன் மேடம். அது பாட்டுக்கு மேஜைமேல் இருக்கட்டும், நீங்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் ஸ்டேஷன் டீயைக் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதில் இஞ்சி தட்டிப் போடுகிறார்கள், எனக்குக் காரம் ஆகாது. சுசித்ராவுக்கு அது தெரியும். அதனால்தான் வீட்டிலிருந்தே போட்டு அனுப்பியிருக்கிறாள். புருஷனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன மறுநாளும் சர்க்கரை அளவு தப்பாமல் டீ போடுகிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

நேற்றுக் காலையிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்தாவது தூக்குப்போசி யாருடையது? குரலை உயர்த்தியும் கேட்டீர்கள், தணித்தும் கேட்டீர்கள். உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. அந்த ஐந்தாவது ஆள் எங்கேயோ ஓர் ஊரில், தன் வாய்க்குள் புற்று வளர்வது தெரியாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம். அதற்காக என் சிநேகிதன் ஆரோக்கியராஜும் நர்ஸுகளும் பாப்பாரப்பட்டியிலிருந்து சித்தேரி மலையடிவாரம் வரை வீடு வீடாகப் போய், ஜனங்களை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறார்களாமே. நல்ல காரியம். நான் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. வரிசையாகச் சொல்கிறேன் என்றுதான் சொல்கிறேன். நடுவிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எடுத்தால் என்னைக் கொலைகாரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்க முடியுமா? முடியாதா. பெயின்ட் அடித்தவர்கள் கதவையும் சட்டத்தையும் சேர்த்து அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பரவாயில்லை. இருந்துகொள்கிறேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று சொல்கிற டாக்டர் நான். நோயாளியின் முகம் எனக்குத் தேவையில்லை. நகக்கண் அளவு சதை போதும். தர்மபுரியில் சின்னதாக ஒரு பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்துச் சதைகள் எல்லாம் என் மேஜைக்கு வரும். நம் பக்கத்துச் சதைகளில் அதிகம் வருவது எது தெரியுமா? வாய். கன்னத்தின் உள்பக்கம். வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து ஒரே கன்னத்தில் அடக்கிக்கொண்டு, களத்திலும் காட்டிலும் பொழுதன்னைக்கும் வேலை செய்கிறவர்கள். அந்த இடத்தில் முதலில் ஒரு வெள்ளைப் படலம் வரும். வலிக்காது. வலிக்காததால் யாரும் காட்ட மாட்டார்கள். சில படலம் அப்படியே கிடக்கும், ஒன்றும் செய்யாது. சில படலம் புற்றாக மாறும். எது மாறும், எது மாறாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது.

என்னால் முடியும் என்று எனக்குத் தோன்றியது. ஆரம்பம் அதுதான்.

மனிதனுக்கு இருபதாயிரம் சொச்சம் மரபணுக்கள். அதில் சிலவற்றைப் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் உண்டு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சுற்றி நிற்கிற கூட்டம் மாதிரி. சிலவற்றை யாரும் சீண்டுவதில்லை. அப்படிச் சீண்டாமல் கிடந்த ஒன்றைத்தான் நான் பிடித்தேன். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, வரிசை எண் மட்டும்தான். என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாததால் நான் அதற்கு ஊமை என்று பெயர் வைத்தேன். நல்ல கன்னத்தில் ஊமை தூங்கிக்கொண்டிருக்கும். சில வெள்ளைப் படலங்களில் மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. விழித்திருக்கிற படலம்தான் புற்றாகும் என்பது என் எண்ணம்.

அது உண்மையானால் இரண்டு காரியம் ஆகும். ஊமையைச் சோதித்தே இன்னாருக்குப் புற்று வரும், இன்னாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அது ஒரு அடையாளக்குறி. அடுத்தது, ஊமையை மறுபடி தூங்க வைக்கிற மருந்து ஒன்று கண்டுபிடித்தால் புற்றையே அடக்கலாம். அது மருந்துக்கு ஒரு இலக்கு. கத்தி இல்லாமல், தாடையைப் பாதி அறுத்து எடுக்காமல். ஆயிரம் ஆயிரம் பேர். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது மேடம். நான் எதற்காக இதில் இறங்கினேன் என்பதை மறந்துவிட்டு நான் செய்ததை மட்டும் பார்த்தால் அது நியாயம் ஆகாது.

ஆனால் நிரூபிக்க வேண்டுமே. பழைய சதைகளை வைத்து நிரூபிக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் செய்வார்கள். என் அலமாரியில் அவ்வளவு பழைய சதை ஏது? எனக்குத் தெரிந்து இருந்த வழி ஒன்றுதான். ஊமை விழித்திருக்கிறவர்களைக் கண்டுபிடித்து, எதுவும் செய்யாமல் விட்டுவிட்டு, என்ன ஆகிறது என்று காத்திருந்து பார்ப்பது. முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் அங்கே புற்று வந்திருக்குமா, வந்திருக்காதா என்று யாருக்குத் தெரியும்?

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை.

காரிமங்கலம் சந்தையில் இலவச வாய் முகாம் போட்டோம். ஆரோக்கியராஜ் பல் டாக்டர், என்னோடு ஒரே ஹாஸ்டலில் சோறு தின்றவன், வேடிக்கையாகப் பேசியே எவனையும் வாயைத் திறக்க வைத்துவிடுவான். தேங்காய் வியாபாரிகளுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் நடுவில் ஒரு சாமியானா. அவன் மரத்துப்போகிற ஊசி போட்டுச் சதையைக் கிள்ளி எடுப்பான், நான் சீசாவில் போட்டு எண் ஒட்டுவேன். எந்த எண் யாருடையது என்பது என் தலைக்குள் மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்களும் வேண்டியிருந்தது. அதற்கு ஆரோக்கியராஜ், என் கூடத்தில் வேலை செய்கிறவர்கள், நான், எல்லோரும் ஆளுக்கொரு துளி கொடுத்தோம்.

"ஏன்டா கதிரவா, நீ வெத்தலயும் போடறதில்ல, பீடியும் கெடையாது. ஆனா அந்தப் பாக்குப் பொட்டலத்த எப்ப விடுவே? உன் வாயத் தொறந்தா பீடாக் கடை வாசம் அடிக்குது," என்றான் ஆரோக்கியராஜ், என் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே.

கூட்டம் சிரித்தது. முகாம் அப்படித்தான் கலகலப்பாக ஆரம்பித்தது.

முடிவு வந்தபோது ஐந்து சீசாவில் ஊமை விழித்திருந்தது. ஐந்திலும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் லேசான மாறுதல்தான். 'வெட்டி எடுத்துவிடுவது நல்லது' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நியாயமாக அதுதான் எழுத வேண்டும். நான் 'சாதாரணப் புண், பயப்பட ஒன்றுமில்லை' என்று எழுதினேன். யோசித்துப் பாருங்கள். ஊமை என்பது அப்போது என் ஊகம் மட்டும்தானே? நிரூபிக்காத ஒன்றை வைத்துக்கொண்டு, கூலிக்குப் போகிற ஒரு மனுஷனைப் பயமுறுத்தி, கன்னத்தை வெட்டச் சொல்வது தர்மமா? நான் யாருக்கும் எதுவும் செய்யவில்லை மேடம். காத்திருந்தேன், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால் அவர்களைத் திரும்ப வரவழைக்க வேண்டும். ஒருமுறை கன்னத்தில் கத்தி பட்டவன் இரண்டாம் முறை வருவானா? அதற்குத்தான் தூக்குப்போசி. மற்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரஷ்ஷும் பேஸ்ட்டும். இந்த ஐந்துக்கு மட்டும் மூடி போட்ட நல்ல எவர்சில்வர் போசி. அதை வாங்கியது பாப்பாரப்பட்டி பாத்திரக்கடையில். பேர் வெட்டுகிற பச்சியப்பன் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன பேர் போடட்டும் என்றார். பேர் ஒன்றும் வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன்.

அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். "பேரு வெட்டாம குடுத்தா அது அன்பளிப்பு இல்லீங்க சார், எரவல். நாளைக்கு பக்கத்து வூட்டுக்காரி ஏந்துது உந்துதுன்னு சண்டைக்கி நிப்பா. வாங்கறவங்க பேரும் இருக்கணும், குடுக்கறவங்க பேரும் இருக்கணும். இல்லாட்டி என் கடை மானம் போயிரும்."

சொல்லச் சொல்ல எனக்கும் அது சரியென்று பட்டது. நம் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது சரியென்றுதானே படும்? எந்த வீட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் யார் யாருக்குக் கொடுத்தது என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு போசியின் அடியிலும் ஒரு பேர், அதற்குக் கீழே 'அன்பளிப்பு: வாய் நல முகாம்'. எந்தக் காகிதத்திலும் நான் எழுதாமல் தலைக்குள் பூட்டி வைத்திருந்ததை, என் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி, எவர்சில்வரில் வெட்டச் சொல்லி நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவு படித்தும் அது உறைக்கவில்லை. இப்போதுகூட அந்த ஆளின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு வெட்டிய பேர் ஒன்றுகூட நினைவில்லை, ஐந்து வெட்டினேன் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது என்று உங்களிடம் சொன்னாராம். அவர் சொன்னது உண்மை. தினம் நூறு பேர் வெட்டுகிறவர்.

இரண்டாம் முறை, ஆரோக்கியராஜ் இல்லாத நேரமாக என் கூடத்துக்கு முதலில் வந்தது மாரப்பன். பாப்பிரெட்டிப்பட்டியில் புளி வியாபாரம். கொட்டை எடுக்கிற பெண்களோடு நாள் முழுக்க வாயடித்துக்கொண்டிருக்கிற மனிதர். நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னைத்தான் முதலில் உற்றுப் பார்த்தார்.

"என்னா சார், கன்னம் உப்பிக் கெடக்குது? பல்லு நோவுங்களா?"

"ஆமாங்க. கடவாப் பல்லு."

"பல்லு டாக்டரையே கூட்டாளியா வெச்சிக்கினு, உங்களுக்கே பல்லு நோவு. இது நல்லா இருக்குதே. எங்க ஊர்ல கிராம்பு வெப்பாங்க, வெச்சிப் பாருங்க." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு இது ஒண்ணும் கெட்ட நோவு இல்லீங்களே சார்? பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கறோம். அதுக்குத்தான் கேக்கறேன்," என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த இரண்டாவது சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது உயிரணுக்கள் மாறியிருந்தன. அது ஊகம் இல்லை. புற்று. ஆரம்பம்தான், ஆனால் புற்று. அன்றைக்கே அனுப்பியிருந்தால் மாரப்பன் பிழைத்திருப்பார். நீங்கள் இதைத்தான் எழுதிக்கொள்ளப் போகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் நிலையையும் பாருங்கள். முதல்முறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது புற்று என்று எழுதினால், அப்போது ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். ஆரோக்கியராஜ் முதலில் கேட்பான். ஒகேனக்கல் ஆற்றில் மீனுக்கு மூங்கில் கூடை வைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். வாய் அகலமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குச்சிகள் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மீன் முன்னால் போகலாம், திரும்ப முடியாது. நான் அந்தக் கூடைக்குள் இருந்தேன். என்னை யாரும் தள்ளவில்லைதான். ஆனால் உள்ளே இருந்ததும் உண்மை.

முன்னால் போனேன்.

முன்னால் போனதில் பலன் கிடைத்தது. அவர்களுடைய புற்று அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தேன். வேறு எந்த மருந்தும் படாத சதை, அதுதான் அதன் மதிப்பு. ஊமையை அடக்குகிற ஒரு ரசாயனத்தை அந்தத் தட்டில் விட்டேன். ஒரு வாரத்தில் அணுக்கள் சுருங்கி, உதிர்ந்து, தட்டு சுத்தமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த நல்ல அணுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடித் தட்டில் மாரப்பனை நான் காப்பாற்றிவிட்டேன் மேடம். அந்த ஐந்தில் இன்னொருவரான நஞ்சம்மாளையும் காப்பாற்றினேன்.

வெளியே அவர்கள் இளைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை சதை எடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் புற்று முற்றும்போது ஊமை என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும். லாரி ஓட்டுகிற தர்மன்தான் முதலில் செத்தது. வேறு டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்கிறீர்கள். போனார்கள். என்னுடைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போனார்கள். நான் கையெழுத்துப் போட்டு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கும்போது எந்த டாக்டர் மறுபடி சதையைக் கிள்ளுவார்? வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஜனங்களும் அடம் பிடிக்கிறவர்கள். நஞ்சம்மாளின் மகன் பெங்களூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று காரே கொண்டுவந்துவிட்டானாம். அந்த அம்மாள் ஏறவில்லை. "டாக்டரு சார் பாத்துட்டாரு, ஒண்ணும் இல்லேன்னுட்டாரு. அவரவிட உனக்குத் தெரியுமா?" என்று மகனையே திட்டி அனுப்பிவிட்டாராம். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான்காவது ஆளான ராமக்காளைத்தான் நீங்கள் சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தம்மா கடைசியாக என்னிடம் வந்தபோது பேச்சு குழறியது. "சாமி, சோறு முழுங்க முடியலீங்க. கூழுதான் எறங்குது. பேரப்புள்ள என்னப் பாத்துப் பேசறான், ஆயா குடிச்சிட்டியான்னு." சொல்லிவிட்டு, தன்னையே கேலி செய்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தது. நான் சதையை எடுத்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டேன். இப்போது சேலத்தில் ஆபரேஷன் முடிந்து பாதித் தாடை போய்விட்டதாம். உயிர் நிற்கும் என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த எண்ணை இனி என் ஆய்வில் சேர்க்க முடியாது.

நான் மாட்டியது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். மாரப்பன் செத்த வீட்டுக்கு ஆரோக்கியராஜ் போயிருந்தான். வந்தவர்களுக்குக் காபி கொடுத்த பாத்திரங்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு போசியின் அடியில் எங்கள் முகாம் பேர் இருந்தது. நாம் இப்படி ஒன்று கொடுக்கவே இல்லையே என்று நினைத்திருக்கிறான், சொல்லவில்லை. அடுத்த மாதம் நஞ்சம்மாள் செத்த வீட்டிலும் அதே மாதிரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து நேரே தர்மன் வீட்டுக்குப் போய், அவன் பெண்சாதியிடம் கேட்டு வாங்கி, திருப்பிப் பார்த்திருக்கிறான்.

மறுநாள் மூன்று போசியையும் என் மேஜைமேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தான். எப்போதும் கிண்டலோடு உள்ளே வருகிறவன் அன்றைக்கு உட்காரக்கூட இல்லை.

"இதென்னடா, செத்தவங்களுக்கு மட்டும் சீர் வெச்சிருக்கே?"

"அப்ப அவங்க சாகலியே," என்றேன்.

அது உண்மைதான். ஆனால் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். "நான்தானேடா கிள்ளிக் குடுத்தேன். என் கையாலதானே எடுத்தேன். ரிப்போர்ட் என்னாச்சுன்னு உன்னை எத்தன வாட்டி கேட்டேன்," என்றான். போசிகளை மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான். நீங்கள் பச்சியப்பனிடம் போனீர்கள். அவர் ஐந்து என்றார். நான்காவது ராமக்காள், என்னைக் கூட்டிவருவதற்கு முன்பே தேடிப் பிடித்துவிட்டீர்கள். ஆக, மீதி ஒன்று.

நான் ஏன் நேற்றே சொல்லவில்லை? நியாயமான கேள்வி. அந்த ஒரு பேரைச் சொன்னால், நான் இதுவரை உங்களுக்கு விளக்கிய எல்லாவற்றையும் நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். சொல்லாவிட்டால் ஆரோக்கியராஜ் இன்னும் எத்தனை ஊரில் எத்தனை வாயைத் திறந்து பார்ப்பான் என்று தெரியாது. அவனுக்கு மூட்டுவலி வேறு. ராத்திரி பூராவும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த அறைக்கு ஒரே கதவு. அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

டீ ஆறியிருக்கும். அந்த மூடியில் கொஞ்சம் ஊற்றிவிடுங்களேன். மீதியை அந்த டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள், நீங்களும் குடிக்கலாம். ஊற்றிவிட்டீர்களா? இப்போது அந்தப் போசியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

சுசித்ராவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவளுக்கு இது அலமாரியில் இருக்கிற ஒரு பாத்திரம், அவ்வளவுதான். முகாமில் எல்லோருக்கும் கொடுத்தது, எனக்கும் ஒன்று என்று சொல்லியிருந்தேன்.

ஆமாம், என் பேர்தான். ஐந்தாவது சீசா என்னுடையது. நல்ல வாய் என்று நினைத்துக் கொடுத்த சதையில், பாக்கு அடக்குகிற இடத்தில், ஊமை விழித்திருந்தது. பச்சியப்பனிடம் பேர்களைச் சொன்னபோது என் பேரையும் சேர்த்துத்தான் சொன்னேன். மற்ற நாலு பேரும் காத்திருக்கும்போது எனக்கு மட்டும் என்ன விலக்கு? நானும் காத்திருப்பேன், அதுதான் நேர்மை என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவில் நான் உறுதியாகவும் இருந்தேன். ஒரு வாரம் போல.

பிறகு கருத்தரங்கு இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு பெங்களூர் போனேன். சுற்றிலும் நல்ல சதை வருகிற வரைக்கும் வெட்டி எடுத்துவிடுங்கள் என்றேன். அந்த டாக்டரே, இவ்வளவு லேசாக இருக்கிறதே, இதற்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்றார். வெட்டுங்கள் என்றேன். இப்போது சுத்தமாகிவிட்டது. தழும்பில் சூடும் காரமும் பட்டால் எரிகிறது, வேறொன்றும் இல்லை. மாரப்பன் என் கன்னத்தைப் பார்த்துப் பல் நோவா என்று கேட்டாரே, அன்றைக்குத் தையல் இன்னும் கரையவில்லை.

ஆரோக்கியராஜிடம் சொல்லி அனுப்புங்கள், இனி யார் வாயையும் திறந்து பார்க்க வேண்டாம். ஐந்தாவது ஆள் நன்றாக இருக்கிறார்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. நிரூபிக்காத ஒன்றை நம்பியா வெட்டிக்கொண்டாய் என்கிறீர்கள். அது வேறு விஷயம் மேடம். ஆய்வை நடத்துகிறவன் உயிரோடு இருந்தால்தானே ஆய்வு முடியும்? அதோடு, நான் விதியை மீறவும் இல்லை. சிகிச்சை எடுத்துக்கொண்ட ஆளைக் கணக்கில் சேர்த்தால் முடிவு கெட்டுவிடும். அதனால் பெங்களூரிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே என் எண்ணை நானே நீக்கிவிட்டேன். அந்த ஒரு விஷயத்திலாவது என்னை யாரும் நேர்மையில்லாதவன் என்று சொல்ல முடியாது.